மியாட்டாவுக்கு ஐந்தரைக் கிலோ ஃப்ளைவீல்

என்னிடம் 1995ஆம் வருஷத்து மாஸ்டா மியாட்டா கார் ஒன்று இருக்கிறது. 1.8 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர், முன்விளக்குகள் கண் திறப்பது மாதிரி மேலே எழும்பி வரும் முதல் தலைமுறை வண்டி. 128 குதிரைசக்திதான், ஆனால் வண்டியின் எடையே ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்பதால் அது போதும். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். வாரநாளில் ஆபீசுக்கும் இதில்தான் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மலைக்கும் இதில்தான் போகிறேன். இந்த இரண்டு பயன்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த ஃப்ளைவீல் (இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்) வாங்குவது என்று நான் எடுத்த முடிவு முழுக்க இதை வைத்துத்தான்.

போன குளிர்காலத்தில் லாஸ் கேட்டோஸிலிருந்து சான்டா க்ரூஸ் போகும் 17ஆம் நெடுஞ்சாலை ஏற்றத்தில், நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தபோது இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் விர்ரென்று 4,000 தாண்டி ஏறியது, வண்டியின் வேகம் மட்டும் அப்படியே இருந்தது. க்ளட்ச் வழுக்குகிறது. வீட்டுக்கு வந்து அடியில் படுத்துப் பார்த்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் கீழே எண்ணெய் ஈரம். க்ராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு) பின்பக்க ஆயில் சீல் போய், எண்ணெய் க்ளட்ச் பக்கம் இறங்கியிருக்கிறது. ஆக, கியர்பாக்ஸை இறக்கியே தீரவேண்டும்.

ஃப்ளைவீல் மாற்றவேண்டும் என்று ஆசைப்படுகிற எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அதற்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்காதீர்கள். க்ளட்ச் போகட்டும், சீல் போகட்டும், அதுவரை பொறுங்கள். வேலையில் பத்தில் ஒன்பது பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். இறக்கியபிறகு ஃப்ளைவீல் மாற்ற ஆறு போல்ட், அவ்வளவுதான்.

சரி, ஃப்ளைவீல் எதற்கு இருக்கிறது? நான் சின்ன வயதில் பார்த்த ஃப்ளைவீல் தாத்தாவின் கிணற்றடி ஆயில் இன்ஜினில் இருந்தது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒன்றாகப் பெரிய இரும்புச் சக்கரம். கைப்பிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றி அந்தச் சக்கரத்துக்கு வேகம் ஏற்றிவிட்டு லீவரைத் தட்டினால்தான் 'டுப்... டுப்...' என்று பிடிக்கும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் உள்ளே வெடிக்கும், மற்ற நேரமெல்லாம் சக்கரம் தன் வேகத்தில் பிஸ்டனை இழுத்துக்கொண்டு ஓடும். கார் இன்ஜினிலும் அதே வேலைதான். நாலு சிலிண்டர் இருப்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு கிடைக்கிறது, அதனால் அவ்வளவு பெரிய சக்கரம் தேவையில்லை. ஆனாலும் நிமிஷத்துக்கு 850 சுற்றில் வண்டி சும்மா நிற்கும்போது விநாடிக்கு இருபத்தெட்டு தடவை க்ராங்குக்கு ஒரு அடி விழுகிறது, அந்த அடியையெல்லாம் வாங்கி வழவழப்பாக்கி கியர்பாக்ஸுக்கு அனுப்புவது ஃப்ளைவீல். கூடவே க்ளட்ச் தட்டு உரசும் முகமும் அதுதான், ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கும் பல்வளையமும் அதன் விளிம்பில்தான்.

என் வண்டியில் கம்பெனி போட்ட ஃப்ளைவீல் எட்டுக் கிலோ சொச்சம். சந்தையில் கிடைப்பது இரண்டு வகை. அலுமினியத்தில் செய்தது நாலு கிலோ அளவில் வரும். ஒரே இரும்புக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்த க்ரோமோலி ஸ்டீல் ஐந்திலிருந்து ஆறு கிலோவுக்குள் வரும். நான் கடைசியில் போட்டது ஐந்தரைக் கிலோ ஸ்டீல். ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கணக்கு. எடை குறைந்தால் வண்டி வேகமாகிவிடும், குதிரைசக்தி கூடிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். குதிரைசக்தி ஒன்றுகூட அதிகமாகாது. இன்ஜின் வேகம் ஏறும்போது மட்டும் ஃப்ளைவீலைச் சுழற்றிவிட ஒரு பங்கு சக்தி போகிறது, அந்தப் பங்கு குறையும், அவ்வளவே. ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் கனமான ஃப்ளைவீலும் லேசான ஃப்ளைவீலும் ஒன்றுதான். ரோலர் மேல் ஏற்றி முடுக்கத்தை அளந்து சக்தி சொல்லும் டைனோவில் இரண்டு மூன்று குதிரைசக்தி கூடினமாதிரி எண் வரும், அது முடுக்கத்தில் வந்த மிச்சமே தவிர புதிதாகப் பிறந்த சக்தி இல்லை.

அந்த மிச்சம் எவ்வளவு என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃப்ளைவீலை 14 சென்டிமீட்டர் ஆரமுள்ள சீரான வட்டத் தட்டு என்று வைத்துக்கொண்டேன். என் வண்டியின் முதல் கியர் விகிதம் 3.136, இரண்டு 1.888, மூன்று 1.33, நாலு 1, ஐந்து 0.814, பின் ஆக்சில் 4.1, டயர் 185/60-14. எட்டுக் கிலோவில் நாலு கிலோவைக் குறைத்தால், முதல் கியரில் வண்டியிலிருந்து கிட்டத்தட்ட 80 கிலோ இறங்கியதற்குச் சமம். ஓர் ஆள் இறங்கிப்போன மாதிரி. இரண்டாவது கியரில் அது 29 கிலோ. மூன்றில் 14. நாலில் 8. ஐந்தாவது கியரில் வெறும் 5 கிலோ, இங்கே கடையில் வாங்கும் 10 பவுண்டு அரிசிப் பை அளவு. கியர் விகிதம் வர்க்கமாக வருவதால்தான் இவ்வளவு வித்தியாசம். இது தோராயக் கணக்குத்தான், உண்மையான ஃப்ளைவீல் சீரான தட்டு இல்லை, ஆனால் விஷயம் எங்கே இருக்கிறது என்று இது காட்டிவிடுகிறது. பயன் முழுக்க முதல் இரண்டு கியரில். ஹைவேயில் ஐந்தாவது கியரில் ஏற்றம் ஏறும்போது 'லேசான ஃப்ளைவீல் போட்டால் வண்டி மூச்சு வாங்கும்' என்று ஒருவர் எனக்குச் சொன்னார், அதுவும் சரியில்லை. ஆயிரத்துச் சொச்சம் கிலோ வண்டியில் ஒரு பை அரிசி கூடினாலும் குறைந்தாலும் ஏற்றத்துக்குத் தெரியாது.

அப்படியென்றால் முதல் கியரில் 80 கிலோ மிச்சம் என்பது கொண்டாட்டம்தானே, நாலு கிலோ அலுமினியத்தையே வாங்கிவிடலாமே? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் இன்னொரு கணக்கு போட்டேன், அதுதான் என்னை நிறுத்தியது.

1,500 சுற்றில் ஓடும்போது கம்பெனி ஃப்ளைவீலுக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1,000 ஜூல். என்னையும் சேர்த்து வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதற்குத் தேவையான ஆற்றலும் ஏறக்குறைய அதே 1,000 ஜூல்தான். சிக்னலில் க்ளட்சை மெதுவாக விடும்போது, வண்டியை அசைத்துக் கிளப்பும் அந்த முதல் தள்ளலில் பெரும்பங்கை ஃப்ளைவீல் தன் கையிருப்பிலிருந்து கடன் கொடுக்கிறது. நாம் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தாமதமாக மிதித்தாலும், க்ளட்சைக் கொஞ்சம் சடக்கென்று விட்டாலும் அது தாங்கிக்கொள்கிறது. நாலு கிலோ ஆக்கினால் அந்தக் கையிருப்பு பாதி. மீதிப் பாதியை நம் வலது கால் சரியான நேரத்தில் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் க்ளட்சை நிறைய நேரம் வழுக்கவிட்டுத் தேய்க்கவேண்டும், இல்லையென்றால் இன்ஜின் அணைந்துவிடும்.

கணக்கு கணக்காகவே இருக்கட்டும், ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று மதுரைக்கார அண்ணன் ஒருவரைக் கேட்டேன். அவரிடமும் 1.8 மியாட்டா இருக்கிறது, நாலு கிலோ அலுமினிய ஃப்ளைவீல் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. "எடுத்துட்டுப் போ தம்பி, ஒரு நாள் முழுக்க வச்சுக்க. காலையில மட்டும் ஓட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லாத, சாயங்காலம் டிராஃபிக்ல ஓட்டு" என்றார். எவ்வளவு சரியான யோசனை என்று அன்று இரவே தெரிந்தது.

எங்கள் ஊரிலிருந்து கிளம்பும் 84ஆம் நெடுஞ்சாலை இந்த மாதிரிச் சோதனைக்கென்றே போட்டது போல இருக்கும். ஃப்ரீமான்ட் ஊருக்குள் சிக்னல், அப்புறம் டம்பார்ட்டன் பாலம், அப்புறம் வுட்சைட் தாண்டியதும் ரெட்வுட் மரங்களுக்கு நடுவே மலை ஏற்றம், மேலே ஸ்கைலைன் சாலையைக் குறுக்கே கடந்து லா ஹோண்டா பக்கம் இறக்கம். ஒரே சாலையில் எல்லாமே கிடைக்கும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வுட்சைட் தாண்டினேன். மூன்றாவது கியரில் 3,500 சுற்றில் ஒரு வளைவை நெருங்குகிறேன், இரண்டாவது கியர் வேண்டும். அதே வேகத்தில் இரண்டுக்குப் போனால் இன்ஜின் 5,000 சுற்றில் இருக்கவேண்டும். அதாவது ப்ரேக்கை மிதித்துக்கொண்டே அதே பாதத்தின் வலது ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, அரை விநாடிக்குள் இன்ஜினை 1,500 சுற்று ஏற்றவேண்டும். என் பழைய வண்டியில் அந்தத் தட்டு கொஞ்சம் அழுத்தமாக, கொஞ்சம் நீளமாக இருக்கவேண்டும், அதில் ப்ரேக் அழுத்தமும் ஆடிப்போகும். அண்ணன் வண்டியில் தொட்டேன், ஏறிவிட்டது. 'வ்ராப்' என்று ஒரே ஒரு சத்தம், கியர் தானாக உள்ளே விழுந்தது, வண்டி துளிகூட முன்னால் சாயவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். மேல் கியருக்குப் போகும்போதும் அப்படித்தான். இரண்டில் 6,500 வரை இழுத்து மூன்றுக்குப் போட்டால் இன்ஜின் 4,600 அளவுக்கு இறங்கவேண்டும், பழைய வண்டியில் அது இறங்கும்வரை காலும் கையும் ஒரு கணம் காத்திருக்கும், இதில் காத்திருக்கவே வேண்டாம். இவ்வளவு நாள் ஈரச் சட்டையோடு ஓடிவிட்டு இன்றைக்கு உலர்ந்த சட்டை போட்டு ஓடுவது போல இருந்தது. லேசான ஃப்ளைவீலின் உண்மையான வரவு இதுதான். வேகம் இல்லை, காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இழுபறி குறைவது. 1989இல் வெளிவந்த நாளிலிருந்து இந்த வண்டியைப் பற்றிச் சொல்லும்போது மாஸ்டாக்காரர்கள் 'ஜின்பா இட்டாய்' என்பார்கள், குதிரையும் ஆளும் ஒன்றாவது என்று அர்த்தம். அன்று காலை அதை நான் பாதத்தில் உணர்ந்தேன்.

சாயங்காலம் அதே வண்டியை ஊருக்குள் எடுத்தேன். 880ஆம் நெடுஞ்சாலையில் ஐந்தரை மணி நெரிசல், பத்தடி நகர்ந்து நிற்பது, பத்தடி நகர்ந்து நிற்பது. முதல் அரைமணி நேரத்தில் இரண்டு தடவை அணைத்தேன், இருபது வருஷமாகக் கியர் வண்டி ஓட்டுகிறவன். ஒவ்வொரு நகர்வுக்கும் 1,800 சுற்றாவது வைத்துக்கொண்டு க்ளட்சை அளந்து அளந்து விடவேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து க்ளட்ச் சூடேறியதும் இன்னொன்று ஆரம்பித்தது. கிளம்பும்போதெல்லாம் வண்டி முழுக்க 'டுகுடுகுடுகு' என்று ஒரு நடுக்கம், டேஷ்போர்டில் வைத்திருந்த சாவிக்கொத்து சத்தம் போட்டது. நின்றிருக்கும்போது நியூட்ரலில் க்ளட்சை விட்டால் கியர்பாக்ஸுக்குள் கோலிக்குண்டு உருளும் சத்தம், க்ளட்சை மிதித்தால் சத்தம் நின்றுவிடும். இந்தச் சத்தம் கெடுதல் இல்லை. இன்ஜினின் ஒவ்வொரு அடியும் வடிகட்டப்படாமல் கியர்பாக்ஸுக்குப் போவதால், சும்மா சுற்றும் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்வது. ஆனால் தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் இருப்பவன் அதைத் தினமும் கேட்கவேண்டும்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. "கால் வலிக்குதா?" வலித்தது. அவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், வண்டியை வாரம் ஒருமுறை மலைக்கும், வருஷத்தில் சில நாள் லகுனா சேகா ரேஸ் ட்ராக்குக்கும் மட்டும் எடுப்பவர். அவருக்கு நாலு கிலோ மிகச் சரி. எனக்கு இல்லை.

இதற்குப் பிறகும் அலுமினியமா ஸ்டீலா என்பதை எடையை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. அலுமினியம் உரசலைத் தாங்காது, அதனால் அதன் முகத்தில் மெல்லிய ஸ்டீல் தட்டு ஒன்றைப் பதித்துத் திருகியிருப்பார்கள். ஃபிடான்ஸா மாதிரிக் கம்பெனிகள் அந்தத் தட்டை மட்டும் கழற்றி மாற்றும்படி செய்கின்றன, அது நல்ல வசதி, க்ளட்ச் மாற்றும்போது புதுத் தட்டு போட்டால் போதும். ஆனால் சூடேறினால் அலுமினியம் ஸ்டீலைப் போல் இரு மடங்கு விரியும். நெரிசலில் திரும்பத் திரும்ப வழுக்கவிடும்போது சூடு முதலில் அந்த மெல்லிய தட்டில்தான் தேங்குகிறது, தட்டும் அடியில் இருக்கும் அலுமினியமும் வேறு வேறு அளவில் விரிகின்றன. அண்ணன் வண்டி நடுங்கியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், அவர் போட்டிருந்த பட்டன் மாதிரிக் கடினமான க்ளட்ச் தட்டு இன்னொரு காரணமாக இருக்கலாம். ஸ்டீலில் முகமும் உடம்பும் ஒரே கட்டி. தேய்ந்தால் லேத்தில் ஒரு மெல்லிய சீவல் எடுத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

எடை எங்கே இருக்கிறது என்பதுதான் எடை எவ்வளவு என்பதைவிட முக்கியம். விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, பாதி ஆரத்தில் இருக்கும் ஒரு கிலோவைப் போல நாலு மடங்கு தயங்கும். நல்ல ஸ்டீல் ஃப்ளைவீலைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் தெரியும், ப்ரஷர் ப்ளேட் (க்ளட்ச் தட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது) போல்ட் உட்காரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு அவற்றுக்கு இடையில் விளிம்பைப் பிறை பிறையாகக் குடைந்திருப்பார்கள். நடு பாகத்தில் மட்டும் ஓட்டை போட்டு எடையைக் குறைத்த ஒன்றும் அதே ஐந்தரைக் கிலோ காட்டலாம், ஓட்டும்போது இரண்டும் ஒன்றாக இருக்காது. அதனால் விற்பவரிடம் எடையை மட்டும் கேட்காமல் பின்பக்கப் படம் கேளுங்கள். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளைவீலோடு ப்ரஷர் ப்ளேட்டும் க்ராங்கும் சேர்ந்து சுற்றுகின்றன, அவை லேசாகவில்லை. ஃப்ளைவீலைப் பாதியாக்கினால் எல்லாம் பாதியாகிவிடாது.

தேடும்போது ஒரு விளம்பரம் பார்த்தேன், கம்பெனி ஃப்ளைவீலையே லேத்தில் கடைந்து ஐந்து கிலோ ஆக்கியது, விலை மிகக் குறைவு. தயவுசெய்து இதை வாங்காதீர்கள். 7,000 சுற்றில் ஃப்ளைவீலின் விளிம்பு மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. கம்பெனி ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, இழுவிசையைத் தாங்கும் குணம் அதற்குக் குறைவு, அதை மெல்லியதாக்கி, மேலே சூட்டில் பொடி விரிசலும் இருந்தால் அது வெடிக்கும். வெடித்தால் அது இருக்கும் இடம் நம் பாதத்துக்கு அருகில். எஸ்எஃப்ஐ 1.1 என்ற சான்று முத்திரை இருக்கும் ஃப்ளைவீலாகப் பார்த்து வாங்குங்கள், ரேஸ் ட்ராக்குக்குப் போகாவிட்டாலும் சரி. இந்த ஒரு விஷயத்தில் நூறு டாலர் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

நான் பட்ட ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆர்டர் செய்த கடையிலிருந்து வந்த பெட்டியில் 1.8 என்று எழுதியிருந்தது, உள்ளே இருந்தது 1.6 வண்டியின் 200 மில்லிமீட்டர் க்ளட்சுக்கானது. 1.8க்கு 215 மில்லிமீட்டர். ப்ரஷர் ப்ளேட்டை மேலே வைத்துப் பார்த்தபோதுதான் ஓட்டைகள் சேரவில்லை என்று தெரிந்தது. அதற்குள் கியர்பாக்ஸ் தரையில் கிடக்கிறது. மாற்றி அனுப்பப் பதினோரு நாள் ஆனது, அதுவரை மனைவியின் வண்டியில் ஆபீஸ். பெட்டி வந்தவுடனே திறந்து டேப் வைத்து அளந்திருக்கவேண்டும், வண்டியைத் தூக்குவதற்கு முன்னால். 1.6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. 1.8இன் ஃப்ளைவீல் 1.6 க்ராங்கிலும் உட்காரும், க்ளட்சையும் சேர்த்து 215க்கு மாறிக்கொள்ளலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

வேலை நடந்த இரண்டாவது சனிக்கிழமை அண்ணனும் வந்தார். மியாட்டாவில் கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் இணைத்து நீளமாக ஓர் அலுமினியச் சட்டம் ஓடும், அதைக் கழற்றினால்தான் கியர்பாக்ஸ் வெளியே வரும், மேலே இருக்கும் போல்ட்டுகளுக்கு இரண்டடி நீள எக்ஸ்டென்ஷன் வேண்டும். இதெல்லாம் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் திரும்ப எழுதவில்லை. பழைய ஃப்ளைவீல் கழன்றதும் அதையும் புதியதையும் இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தேன். எடை வித்தியாசம் தெரிந்தது, ஆனால் அதைவிட, நடு ஓட்டையில் ஒரு கட்டையைக் கொடுத்துக் கையால் சுழற்றிவிட்டபோதுதான் வித்தியாசம் புரிந்தது. பழையது மெதுவாகக் கிளம்பி, நிறுத்தப் போனால் மணிக்கட்டைத் திருகியது. புதியது விரல் சொன்னதைக் கேட்டது.

கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் என் வண்டியில் ஃப்ளைவீலின் நடுவில் உட்காரும். முந்தின ராத்திரியே அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில், தேங்காய்த் துருவல் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். குளிரில் அது ஒரு துளி சுருங்கும். எடுத்தவுடன் வெளிவளையத்தின் அளவுக்குச் சரியான சாக்கெட்டை வைத்து நாலு தட்டு, நேராக உள்ளே போய் உட்கார்ந்தது. உள்வளையத்தில் அடித்தால் பேரிங் அங்கேயே கெட்டுவிடும், கவனம். ஃப்ளைவீலின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள், ப்ரேக் க்ளீனர் அடித்துத் துணி வெள்ளையாக வரும்வரை துடைக்கவேண்டும், பிறகு அதை விரலால் தொடக்கூடாது. க்ராங்கின் ஆறு போல்ட் ஓட்டைகளும் உள்ளே இன்ஜின் எண்ணெய்ப் பக்கம் திறந்திருக்கின்றன. அதனால் போல்ட் மரைகளில் சீலன்ட் தடவாமல் போட்டால், புது ஆயில் சீல் போட்டும் ஒரு மாதத்தில் க்ளட்சில் எண்ணெய் வரும், சீல்தான் மோசம் என்று நினைத்து அலைவோம். புது போல்ட், சீலன்ட், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி 96லிருந்து 103 நியூட்டன் மீட்டருக்குள். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் அண்ணன் ஒவ்வொரு போல்ட்டிலும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டார். க்ளட்ச் தட்டு சாதாரண ஆர்கானிக் வகை, உள்ளே ஸ்ப்ரிங் இருப்பது. லேசான ஃப்ளைவீலோடு கடினமான தட்டையும் சேர்த்தால் இரண்டு கஷ்டமும் ஒன்றாக வரும், தெருவில் ஓடும் 128 குதிரைசக்திக்கு அது தேவையே இல்லை.

முதல் 500 மைல் மெதுவாக ஓட்டினேன். இப்போது 9,000 மைல் ஆகிறது. மலையில் அண்ணன் வண்டியில் கிடைத்த அந்த உடனடித்தன்மையில் முக்கால் பங்கு எனக்குக் கிடைக்கிறது என்று சொல்வேன். முதல் கியரில் என் கணக்குப்படி 50 கிலோ இறங்கியிருக்கிறது, அதை முடுக்கத்தில் நான் பெரிதாக உணரவில்லை, ஆனால் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் உணர்கிறேன். நெரிசலில் சுற்று 1,300, 1,400 வைத்தால் கிளம்பிவிடுகிறது, நடுக்கம் இல்லை. நியூட்ரலில் ரொம்பக் காதைக் கொடுத்தால் ஒரு சின்ன உருளல் கேட்கும். ஒரே ஒரு மாற்றம், ஏசி போட்டிருக்கும்போது சடாரென்று க்ளட்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் முள் 600க்குக் கீழே இறங்கி, ஒரு கணம் தடுமாறி, 850க்கு வந்து நிற்கும். இன்ஜின் இவ்வளவு வேகமாக இறங்கும் என்று ஐடில் வால்வு (வண்டி சும்மா நிற்கும்போது சுற்றைக் காப்பது) எதிர்பார்க்கவில்லை. த்ராட்டில் பாடியையும் அந்த வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்தபிறகு அதுவும் பெருமளவு சரியாகிவிட்டது.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிஎம்டபிள்யூ, போர்ஷே மாதிரி நிறைய வண்டிகளில் இரட்டை ஃப்ளைவீல் வரும், உள்ளே ஸ்ப்ரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது. அதை எடுத்துவிட்டு லேசான ஒற்றை ஃப்ளைவீல் போட்டால் கியர்பாக்ஸ் சத்தம் நான் சொன்னதைவிடப் பல மடங்கு இருக்கும், க்ளட்ச் தட்டும் ஸ்ப்ரிங் உள்ளதாக மாறவேண்டும். மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜின் வண்டிகளில் கம்பெனி ஃப்ளைவீலோடு இன்ஜினைச் சமன்படுத்தும் எதிரெடையும் சேர்ந்தே இருக்கிறது, லேசானது போடும்போது எதிரெடையைத் தனியாக வாங்கவேண்டும், மறந்தால் இன்ஜின் ஆடித் தீர்த்துவிடும். 1996க்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற வண்டிகள் க்ராங்கின் வேகத் துடிப்பை வைத்துத்தான் மிஸ்ஃபயரை (சிலிண்டரில் வெடிப்பு தவறுவதை) கண்டுபிடிக்கின்றன, அவற்றில் சிலவற்றில் லேசான ஃப்ளைவீல் போட்டவுடன் இன்ஜின் நன்றாக இருந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரியும். உங்கள் மாடலில் அப்படி ஆகிறதா என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய எட்டுக் கிலோ ஃப்ளைவீலை நான் விற்கவில்லை. எண்ணெய் பூசி, செய்தித்தாளில் சுற்றி கராஜ் அலமாரியில் வைத்திருக்கிறேன். மகளுக்குப் பதினாறு ஆகப்போகிறது, இந்த வண்டியில்தான் கியர் பழகுவேன் என்று அடம் பிடித்தாள். பழகும் பிள்ளைக்குக் கனமான ஃப்ளைவீல்தானே நல்லது, திரும்ப மாற்றலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். ஆனால் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே காலியான பார்க்கிங் இடத்துக்கு எடுத்துப்போய், சமதரையில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் க்ளட்சை மட்டும் மெல்ல விட்டுப் பார்த்தேன். இன்ஜின் கொஞ்சம் முனகியது, வண்டி நகர்ந்தது. அண்ணன் வண்டியில் இதைச் செய்தபோது ஒவ்வொரு தடவையும் அணைந்தது. அடுத்த வாரம் அவளை உட்காரவைத்து அதையே செய்யச் சொன்னேன், வலது காலைத் தரையில் வைத்துக்கொண்டு, இடது கால் மட்டும். ஐந்தாவது தடவையில் வண்டி அசைந்தது. "அப்பா, கால்லயே தெரியுதுப்பா, அது எங்க புடிக்குதுன்னு" என்றாள்.

பழைய ஃப்ளைவீல் அலமாரியிலேயே இருக்கிறது.